நான் மேய்க்காத ஒட்டகங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி. இடம், மொன்றியலில் நாங்கள் குடியிருக்கும் லாசாலில் உள்ள ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம். நாலாம் வகுப்பு. வெளியில் முழங்கால் அளவுக்குப் பனி. உள்ளே இருபத்துச் சொச்சம் பிள்ளைகள் கன்னத்தில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஐந்து மீற்றர் நீளத் தலைப்பாகையோடு அவர்கள் முன்னால் நிற்கிறேன். அது ஒரு பக்கமாகச் சரிந்து என் வலது கண்ணை மூடிவிட்டது. இந்தக் கோலத்தில் நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கனடாவுக்கு வருவதற்கு முன் நாலு வருடம் கட்டாரில் இருந்தேன். இது உண்மை. கட்டார் பாலைவன நாடு. இதுவும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் அத்திவாரமாகப் போட்டு அதன்மேல் நான் கட்டியெழுப்பிய மாளிகை முழுக்கப் புழுகு.

எல்லாம் ஒரு தண்ணீர்க் குழாயில்தான் தொடங்கியது. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பல் தீட்டப் போனால் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து ரசித்துக்கொண்டு நிற்பாள். எத்தனை தரம் சொன்னாலும் காதில் ஏறாது. ஒரு நாள் பொறுமை கெட்டு, "அப்பா பாலைவனத்தில இருக்கேக்க ஒரு போத்தல் தண்ணியோட ஒரு நாள் முழுக்க ஒட்டகம் மேய்ச்சனான், தெரியுமோ?" என்று சொல்லிவிட்டேன். ஏன் ஒட்டகம் வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவளுடைய கண்கள் விரிந்தன. கை தானாகப் போய்க் குழாயை மூடியது.

வேலை செய்த மருந்தை யாராவது நிறுத்துவார்களா? நானும் நிறுத்தவில்லை. சாப்பாட்டைத் தட்டில் மிச்சம் விட்டால், மூன்று நாள் பேரீச்சம்பழத்தோடு மட்டும் இருந்த கதை. பனிச் சப்பாத்தைத் தட்டிப் பார்க்காமல் காலை விட்டால், என் சப்பாத்துக்குள் தேள் படுத்திருந்த கதை. மணல் புயலில் ஒட்டகத்தின் வயிற்றோடு ஒட்டிப் படுத்துத் தப்பிய கதைக்கு எங்கள் வீட்டில் தனி மவுசு. அதை மட்டும் மாதத்துக்கு ஒரு தரமாவது கேட்பாள். ஒட்டகத்துக்குப் பெயர்கூட வைத்தோம்.

மனைவிக்கு உண்மை தெரியும். கலியாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் சும்மாவும் விடவில்லை. நான் தொண்டையைச் செருமினாலே, "இண்டைக்கு எத்தினை ஒட்டகம்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அந்த உண்மையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கட்டாரில் நான் வேலை செய்தது ஒரு குளிர்க் களஞ்சியத்தில். கப்பலில் வந்து இறங்கும் உறைந்த கோழிகளைப் பெட்டி பெட்டியாக அடுக்குவதுதான் என் வேலை. உள்ளே எப்போதும் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு பாகை. வெளியில் மனிதர் வெந்துகொண்டிருக்க, நான் தடித்த ஜக்கெட்டும் கையுறையும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு மூக்கு வடிய நின்றேன். பாலைவனத்தைப் பார்த்தது பஸ் யன்னலால் மட்டும்தான். மொன்றியலில் முதல் பனிக்காலம் வந்தபோது என்னோடு வந்தவர்கள் எல்லாரும் நடுங்கினார்கள். எனக்கோ பழைய வேலைக்குத் திரும்பிப் போனது மாதிரி இருந்தது.

இதைச் சொல்ல ஏன் வெட்கப்பட்டேன் என்று கேட்பீர்கள். எங்கள் அறையில் எட்டுப் பேர் இருந்தோம். மற்ற ஏழு பேரும் வெளி வேலை. வீதி போடுகிறவர்கள், குழாய் புதைக்கிறவர்கள், கம்பி கட்டுகிறவர்கள். மாலையில் அவர்கள் உப்புப் பூத்த சட்டையோடு வந்து கட்டிலில் விழுவார்கள். நான் ஜக்கெட்டை மடித்து வைத்துக்கொண்டு இருப்பேன். அவர்கள் பட்ட பாட்டுக்குப் பக்கத்தில் என் கோழிப் பெட்டிகளைக் கதையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தானோ என்னவோ, மகளிடம் கதை அளக்கத் தொடங்கியபோது அவர்களுடைய தாகத்தையும் வெயிலையும் எடுத்து என் பெயரில் எழுதிக்கொண்டேன். ஒட்டகம் மட்டும்தான் என் சொந்தச் சரக்கு.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். நாலாம் வகுப்பில் பாலைவனம் பற்றிய பாடம் நடந்தது. பாலைவனத்தில் மனிதர்கள் எப்படித் தப்பி வாழ்கிறார்கள் என்று படித்துக்கொண்டிருந்தார்களாம். ஆசிரியை, "உங்களில் யாருக்காவது பாலைவனத்தில் வாழ்ந்த ஒருவரைத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். என் மகள் கையை மட்டும் தூக்கவில்லை, ஆளாகவே எழும்பியிருக்கிறாள். அடுத்த நாள் அவளுடைய பையில் கடிதம் வந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து பிள்ளைகளோடு அரை மணித்தியாலம் பேசும்படி அன்பான வேண்டுகோள்.

"அப்பாவுக்கு வேலை இருக்கு, பிள்ளை" என்றேன். பிற்பகல் வேலைதானே என்றாள். "எனக்குப் பிரெஞ்சு வராதே" என்றேன். அது மெய்தான். பன்னிரண்டு வருடமாகியும் என் பிரெஞ்சு வணக்கம் சொல்லும் போன்ஜூரில் தொடங்கி நன்றி சொல்லும் மெர்சியில் முடிந்துவிடும். நடுவில் ஒன்றும் இல்லை.

"நீங்கள் தமிழில கதையுங்கோ. நான் பக்கத்தில நிண்டு பிரெஞ்சில சொல்லுறன். ரீச்சர் ஓம் எண்டிட்டா" என்றாள்.

மேசையில் அவள் கீறிக்கொண்டிருந்த படம் கிடந்தது. பெரிய மஞ்சள் மணல்மேடு. அதன்மேல் ஒட்டகம். ஒட்டகத்தின்மேல் மீசையோடு நான். மேலே பிரெஞ்சில் 'என் அப்பா' என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்த பிறகு மறுக்க எனக்குத் தெம்பு வரவில்லை. மனைவி மட்டும் சட்டியைக் கழுவியபடி, "போங்கோ, போங்கோ. ஒட்டகத்தில ஏறத் தெரிஞ்ச மனிசன்தானே, எப்பிடி இறங்கிறீங்கள் எண்டு பாப்பம்" என்றாள்.

நான் வேலை செய்வது சென்ட் லோரன்ட்டில் ஒரு பொருள் களஞ்சியத்தில். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நண்பர் ஒருவர் இருக்கிறார். மொரித்தானியா நாட்டுக்காரர். அவருடைய நாட்டில் முக்கால்வாசியும் மணல்தான். புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் கொப்பியும் பேனாவுமாகப் போய் இருந்தேன். விஷயத்தைச் சொல்லவில்லை. மகளின் பாடத்துக்கு என்று மட்டும் சொன்னேன்.

மனிதர் உற்சாகமாகிவிட்டார். கைச் சாடையும் உடைந்த ஆங்கிலமுமாகச் சொல்லிக்கொண்டே போனார். வெயிலுக்குச் சட்டையைக் கழற்றுகிறவன் முட்டாளாம். உடம்பு முழுக்கத் தளர்வாக மூடினால்தான் வியர்வை உடம்போடு நிற்குமாம். ஆட்டுத்தோல் பையில் தண்ணீரை நிரப்பிக் காற்றுப் படும் இடத்தில் தொங்கவிட்டால் அது தானாகக் குளிருமாம். உச்சி வெயிலில் யாரும் நடக்கமாட்டார்களாம். வறண்ட ஆற்றில் வெளிப்பக்க வளைவில் தோண்டினால்தான் தண்ணீர் கிடைக்குமாம். முன்பின் தெரியாத ஒருவர் கூடாரத்துக்கு வந்தால் முதலில் பாலோ தண்ணீரோ கொடுத்துவிட்டு, மூன்று நாளைக்கு 'நீ யார், எங்கே போகிறாய்' என்று கேட்கமாட்டார்களாம். நான் வேகமாக எழுதிக்கொண்டேன். எழுதும்போதே 'அவர்' என்பதை 'நான்' என்று மாற்றித்தான் எழுதினேன். அந்த அளவுக்கு எனக்குப் பழகிவிட்டது.

கடைசியில், "நீங்கள் எத்தனை வருடம் கூடாரத்தில் வாழ்ந்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தான் பிறந்து வளர்ந்ததெல்லாம் தலைநகரத்தில் ஒரு மாடி வீட்டிலாம். கூடாரத்தில் இருந்தது விடுமுறைக்குத்தானாம், அதுவும் வயிற்றோட்டத்தோடாம். இதெல்லாம் மாமா சொன்ன கதைகளாம். "ஆனால் என் பிள்ளைகளிடம் நான் நேரில் கண்டதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். தயவுசெய்து காட்டிக் கொடுத்துவிடாதே" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோழிக் கதை முழுவதையும் அவரிடம் கொட்டினேன். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள் எங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். அன்று வேலை முடிந்து போகும் வழியில் அவர் தன் வீட்டில் இருந்த கருநீலத் தலைப்பாகைத் துணியை எடுத்துவந்து கொடுத்தார். எப்படிக் கட்டுவது என்றும் இரண்டு தரம் காட்டினார். அவர் கட்டும்போது கம்பீரமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் நானே கட்டியபோதுதான் கண்ணை மூடும் அந்தக் கோலம் வந்தது.

என்னைக் கண்டதும் வகுப்பே கைதட்டியது. மகள் பெருமை தாங்காமல் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அன்றைக்கென்று தலைமுடியைத் தானே வாரியிருந்தாள். சுவரில் அந்த ஒட்டகப் படம். நான் கொப்பியை விரித்தேன். தளர்ந்த உடை, ஆட்டுத்தோல் பை, ஆற்று வளைவு என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல, அவள் கையை ஆட்டி ஆட்டிப் பிரெஞ்சில் சொன்னாள். நான் ஒரு வசனம் சொன்னால் அவள் மூன்று வசனம் சொன்னாள். மணல் புயலுக்கு நான் வாயே திறக்கவில்லை. அவளே ஆரம்பித்து, ஒட்டகத்தின் பெயரையும் சொல்லி முடித்துவிட்டாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். நானும் இப்படியே மணி அடித்துவிடும் என்று நம்பிக்கொண்டு நின்றேன்.

அப்போது முன் வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். ஏதோ கேட்டாள். என் மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்கள் அங்க என்ன வேலை செய்தனீங்கள் எண்டு கேக்கிறாள்."

உலகத்தில் இதைவிடச் சாதாரணமான கேள்வி இல்லை. இத்தனை வருடத்தில் என் மகள் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. ஒட்டகம் மேய்த்தேன் என்று சொன்னால் முடிந்தது. வாய்வரை வந்தும்விட்டது. ஆனால் இதுவரை நான் சொன்ன புழுகெல்லாம் வீட்டுக்குள் சொன்னவை. இப்போது அதை அவள் வாங்கித் தன் வாயால், தன் கூட்டாளிகளின் முன்னால், சத்தியம் மாதிரிச் சொல்லப்போகிறாள். என்றைக்காவது உண்மை வெளியில் வந்தால் பொய்க்காரியாக நிற்கப்போவது அவள். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். துளி சந்தேகம் இல்லாத முகம்.

தலைப்பாகையைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"பிள்ளை, அப்பா ஒட்டகம் மேய்க்கேல்லை. கோழி அடுக்கினனான். ஐஸ் கோழி. பெரிய பிறிட்ஜ் மாதிரி ஒரு இடத்தில, ஜக்கெட் போட்டுக்கொண்டு. வெயிலுக்க நிண்டது என்ர கூட்டாளிமார். அவையின்ர கதையைத்தான் நான் என்ர எண்டு உனக்குச் சொன்னனான். அது பொய். அப்பா உன்னை ஏமாத்திப் போட்டன் எண்டு இவையளுக்குச் சொல்லு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இவ்வளவு பிள்ளைகளுக்கு முன்னால் அவளை அழவைத்துவிட்டேனே என்று நான் பதறிப்போனேன். ஒரு நிமிடம் இருக்கும், அவள் வகுப்பின் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினாள். நிறுத்தாமல், நீளமாகப் பேசினாள். எனக்கு அதில் பிடிபட்டவை இரண்டே சொற்கள். ஒன்று கோழி, மற்றது குளிர்.

முதலில் கண்ணாடிப் பெண் சிரித்தாள். பிறகு வகுப்பு முழுவதும் சிரித்தது. ஏளனச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. ஆசிரியையும் மேசையில் சாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகு கேள்விகள் மழையாகக் கொட்டின. எத்தனை கோழி? மூக்குச்சளி உறையுமா? கதவு பூட்டுப்பட்டால் என்ன செய்வீர்கள்? வெளியில் வந்தவுடன் மூக்குக்கண்ணாடியில் நீராவி படியுமா? என் பாலைவனத்தைக் கேட்டபோது ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கோழியைக் கேட்க வரிசையில் நின்றார்கள். கொப்பியை மூடி வைத்துவிட்டேன். இந்தக் கேள்விகளுக்குக் கொப்பி தேவைப்படவில்லை.

அப்படியே என் அறைக் கூட்டாளிகளுக்கும் வந்தேன். வேலை முடியும்போது களஞ்சியத்தின் மூலையில் நான் வெற்றுப் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்திருப்பேன். மேற்பார்வையாளர் கண்டும் காணாத மாதிரிப் போய்விடுவார். அவற்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, மீன் வரும், சூடு புகாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள் அடைத்து அறைக்குக் கொண்டுபோவேன். விடியமுன் வேலைக்குப் போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போவார்கள். மத்தியானம் லொறிக்குக் கீழே நிழலில் படுத்திருக்கும்போது போத்தலுக்குள் நெல்லிக்காய் அளவில் ஐஸ் இன்னும் மிதக்குமாம். அவர்கள் என்னை 'ஐஸ் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். இதை நான் இதற்கு முன் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லும்போதுதான் இதுவும் ஒரு பாலைவனக் கதைதான் என்று எனக்கே உறைத்தது.

அந்த ஏழு பேரில் ஒருவர் இராமநாதபுரம் பக்கத்து ஆள், குழாய் புதைக்கிறவர். "அண்ணே, தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காதீங்க. அதுக்குள்ள உடம்பு காஞ்சிரும்" என்று வெளி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். என் ஐஸ் கிடைக்காத நாட்களில் அவர் செய்யும் வேலை ஒன்று இருந்தது. தண்ணீர்ப் போத்தலுக்கு ஒரு காலுறையை மாட்டி, அதை நனைத்து, லொறியின் பக்கக் கண்ணாடிக் கம்பியில் காற்றுப் படத் தொங்கவிடுவார். காலுறை காயக் காய உள்ளே தண்ணீர் குளிர்ந்துவிடும். மொரித்தானியா மாமாவின் ஆட்டுத்தோல் பையும் இதுவும் ஒரே வித்தைதான் என்று அந்த வகுப்பில் நிற்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

இதைச் சொன்னவுடன் கண்ணாடிப் பெண் செய்து காட்டச் சொன்னாள். காலுறை வேண்டுமே என்றேன். என் மகள் அதைச் சொல்லி முடிக்கவில்லை, அத்தனை பிள்ளைகளும் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். பனிச் சப்பாத்துக்குள் காலையில் இருந்து அவிந்த காலுறைகள். ஆசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் யன்னலைத் திறந்தார். ஹொக்கி விளையாடும் ஒரு பையனின் முழங்கால் உயரக் காலுறையைத் தெரிவு செய்தோம். போத்தலோடு அளவாகப் பொருந்தியது. வாசனையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

காலுறையைக் குழாயில் நனைக்கப் போனேன். மறுபடியும் கண்ணாடிப் பெண் கையைத் தூக்கினாள். இங்கே மார்ச் மாதத்தில் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், அதில் நனைத்தால் போத்தல் குளிரத்தானே செய்யும், அது கள்ளம் என்றாளாம். நியாயம்தான். இளஞ்சூடான தண்ணீரில் நனைத்தோம். காலுறை போட்ட போத்தலையும் போடாத போத்தலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆசிரியையின் சின்ன மின்விசிறியைப் போட்டோம்.

மொன்றியலில் பனிக்காலம் இருந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் ஹீட்டர் எரிந்து எரிந்து காற்றில் ஈரம் என்பதே இருக்காது. உதடு வெடிக்கும். கதவுப் பிடியைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கும். அந்த வகுப்பறையும் அப்படித்தான் காய்ந்து கிடந்தது. அரை மணித்தியாலம் கழித்து ஆசிரியை இரண்டு போத்தலுக்குள்ளும் வெப்பமானியை விட்டார். காலுறைப் போத்தல் ஐந்து பாகை குறைந்திருந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். ஹொக்கிப் பையன் உலகக் கிண்ணம் வென்றவன் மாதிரி ஒற்றைக் காலுறையோடு வகுப்பைச் சுற்றி ஓடினான்.

என் மகளும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை.

அன்று பிற்பகல் வேலையில் என் கை ஓடவே இல்லை. அவள் வகுப்புக்காகச் சிரித்தாளோ, வீட்டுக்குப் போய் அழுவாளோ என்று மனம் அதையே சுற்றியது. வேலை முடிந்து வந்தபோது அவள் நித்திரையாகிவிட்டாள். ஆனால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அந்தப் படம் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்து திரும்பக் கொண்டுவந்திருக்கிறாள். அதே மணல்மேடு, அதே ஒட்டகம். மேலே இருந்த எனக்கு மட்டும் புதிதாகச் சிவப்பு நிறத்தில் தடித்த ஜக்கெட்டும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தாள். கையில் ஒரு கோழி. மனைவி பக்கத்தில் வந்து நின்று, "ஒரு மாதிரி இறங்கிட்டீங்கள்" என்றாள்.

சனிக்கிழமை காலை இராமநாதபுரத்து நண்பரின் இலக்கத்தைத் தேடிப் பிடித்து அழைத்தேன். ஊருக்குத் திரும்பிவிட்டார். சொந்தமாக ஆழ்குழாய்க் கிணறு போடும் வேலை செய்கிறார். அவருடைய காலுறை வித்தை கனடாப் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்துவிட்டது என்றதும், "என் சாக்ஸ் நாத்தம் அங்க வரைக்கும் வந்துருச்சா அண்ணே?" என்று சிரித்தார். மகள் போனைப் பறித்துக்கொண்டு அவரை அரை மணித்தியாலம் கேள்வியால் குடைந்தாள். இந்த முறை ஒவ்வொரு பதிலுக்கும், "மெய்யாவோ? நீங்கள் உங்கட கண்ணால கண்டனீங்களோ?" என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் அடுத்த கேள்விக்குப் போனாள். எனக்கு அது நன்றாகவே வேண்டும்.

நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இதெல்லாம் இல்லை. அடுத்த வாரம் நடந்ததுதான்.

எனக்கு வேலை இல்லாத ஒரு நாள், மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஆசிரியை என்னைக் கண்டு வாசலுக்கே வந்தார். எனக்காக மெதுவாக ஆங்கிலத்தில் பேசினார். "அன்றைக்கு உங்கள் மகள் சொன்னதை நான் வீட்டிலும் போய்ச் சொன்னேன்" என்றார். என்ன சொன்னாள் என்று கேட்டேன். எனக்கு விளங்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. நினைவுபடுத்திச் சொன்னார்.

"என் அப்பா பாலைவனத்திலேயே ஆகக் குளிரான இடத்தில் கோழி அடுக்கினார். அவருடைய நண்பர்கள் வெயிலில் வேலை செய்தார்கள். அவர்களுடைய கதைகளை அப்பா எனக்காகப் பத்திரமாகக் கொண்டுவந்தார். நான் குழாயை மூட மறக்கிற பிள்ளை, அதனால்தான் அவற்றைத் தன் கதையாகச் சொன்னார்."

அவ்வளவுதான். நான் சொல்லச் சொன்ன 'பொய்' என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. ஏமாற்றினேன் என்பதும் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற அந்த ஒரு நிமிடத்தில், என்னை அத்தனை பேர் முன்னாலும் தலைகுனிய விடாமல் தாங்கிப் பிடித்திருக்கிறாள். நான் ஆசிரியையிடம் மெர்சி என்றேன்.

இருவரும் பனியில் நடந்து வந்தோம். கொஞ்சத் தூரம் போன பிறகு கேட்டேன். "அப்பா பொய் சொன்னவர் எண்டு சொல்லச் சொன்னனான். நீ ஏன் சொல்லேல்லை?"

அவள் ஒரு பனிக்கட்டியைக் காலால் தட்டிக்கொண்டே வந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"பொய் எண்டதுக்குப் பிரெஞ்சில என்ன சொல்லுறது எண்டு எனக்கு டக்கெண்டு வரேல்லை, அப்பா."

கனவிலும் பிரெஞ்சில் பேசுகிற பிள்ளை அவள். நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். என் மகள்தான், சந்தேகமே இல்லை.

வாழ்க்கையில் நான் நிறையப் புழுகியிருக்கிறேன், நிறையவும் கேட்டிருக்கிறேன். அவற்றிலெல்லாம் எனக்குப் பிடித்த ஒரே பொய் அன்றைக்குப் பனியில் நடக்கும்போது அவள் சொன்னதுதான், அதைக் கேட்ட பிறகு அவளிடம் ஒரு ஒட்டகத்தைக்கூட அவிழ்த்துவிட எனக்கு மனம் வரவில்லை.